வக்கீல் தூரம், நூலகம் பக்கம்



சிங்கப்பூர் வரலாற்றில் 1958ஆம் ஆண்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1955ஆம் ஆண்டுத் தேர்தலைப் பேசுவோம், 1959இல் கிடைத்த சுயாட்சியைப் பேசுவோம், 1965ஐச் சொல்லவே வேண்டாம். நடுவில் கிடக்கும் இந்த 1958இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரல் 1ஆம் தேதி ராஃபிள்ஸ் தேசிய நூலகச் சட்டம் நடப்புக்கு வந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, சட்ட உதவி அலுவலகம் பணியைத் தொடங்கியது. முதலாவது, புத்தகத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்க வந்த ஏற்பாடு. இரண்டாவது, வசதியில்லாதவருக்கும் வழக்கறிஞர் கிடைக்கச் செய்த ஏற்பாடு.

இந்த இரண்டையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. நூலகம் பிள்ளைகள் படிக்கும் இடம், சட்டம் நீதிமன்றத்தில் இருப்பது என்று பிரித்தே வைத்திருக்கிறோம். ஆனால் தெம்பனிஸ் போன்ற பேட்டையில் இரண்டும் ஒரே மேசையில் சந்திப்பதற்கான வசதிகள் இன்று இருக்கின்றன. அந்த மேசை ஏன் தேவை என்பதைப் புரிந்துகொள்ள, பழைய கதையிலிருந்து வர வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு வக்கீலிடம் போவது கடைசி வழி. பணமில்லாதது ஒரு காரணம். வக்கீலிடம் போனாலே ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற கூச்சம் இன்னொரு காரணம். அதனால் முதலில் கங்காணியிடமோ மேஸ்திரியிடமோ போனார்கள். பிறகு, நாலு எழுத்து தெரிந்த ஊர்க்காரரிடம். அதற்கும் மேலே என்றால், ஐந்தடிப் பாதையில் மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதித் தருபவரிடம். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். தோட்டத் தொழிலாளரின் குறைகளை அவர் கேட்டறிந்து மேலிடத்துக்குச் சொல்வார். ஆனால் அவருடைய அலுவலகம் இருந்தது கோலாலம்பூரில். சிங்கப்பூரில் மாட்டுத் தொழுவத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவருக்கு அது வேறு உலகம்.

பத்திரிகையும் ஒரு வழிகாட்டியாக இருந்தது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இங்குள்ள தமிழர்கள் குடியுரிமை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி ஓயாமல் வலியுறுத்தினார். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம், உனக்கு இந்த உரிமை இருக்கிறது, இப்போதே பதிந்துகொள் என்று தமிழில் சொன்னார். அதை யாரும் சட்ட ஆலோசனை என்று அழைக்கவில்லை. ஆனால் அதுதான் சட்ட ஆலோசனை. எது உன் உரிமை, எதற்குள் செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தன. இன்று சிங்கப்பூரர்களாக இருக்கும் நம்மில் பலருடைய கடப்பிதழுக்குப் பின்னால் அந்தத் தமிழ்ப் பேச்சு இருக்கிறது.

இனி டேவிட் மார்ஷலுக்கு வருவோம். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர். அதற்கு முன்பே பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். பதவிக்கு வந்ததும், பொதுமக்கள் நேரில் வந்து குறை சொல்லலாம் என்று மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியைத் தொடங்கினார். இன்று ஒவ்வொரு தொகுதியிலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கு விதை அதுதான். அப்படி வருபவரின் குறை பல நேரங்களில் அரசியல் குறையாக இருக்காது. வீட்டுக்காரர் வெளியேற்றுகிறார், முதலாளி சம்பளம் தரவில்லை, கணவர் செலவுக்குக் கொடுப்பதில்லை என்று இருக்கும். அதாவது சட்டப் பிரச்சினை. முதலமைச்சரின் கடிதத்தைவிட வழக்கறிஞரின் வாய்தான் அங்கே தேவை.

மார்ஷல் 1956 ஜூனில் பதவி விலகினார். சட்ட உதவி, ஆலோசனைச் சட்டம் பிறந்ததும் அதே 1956ஆம் ஆண்டில்தான். அதன் மூலம் பிரிட்டனில் 1949இல் வந்த சட்டம். பிரிட்டனின் சட்டத்துக்கும் ஒரு மூலம் உண்டு. 1891இல் லண்டனின் துறைமுகப் பகுதியான கேனிங் டவுனில், மேன்ஸ்ஃபீல்டு ஹவுஸ் என்ற சமூகநல இல்லத்தில் வழக்கறிஞர்கள் மாலை வேளையில் உட்கார்ந்து கூலித் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். ‘ஏழையின் வக்கீல்’ என்று அதற்குப் பெயர். 1898இல் கிழக்கு லண்டனின் டாயின்பீ ஹாலிலும் அதுபோல ஒன்று வந்தது. அமெரிக்காவில் இதற்கும் முன்பே, 1876இல், நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியர்களுக்காக ஒரு சட்ட உதவிச் சங்கம் ஏற்பட்டது. கவனியுங்கள், இவையெல்லாம் நீதிமன்ற வாசலில் தொடங்கவில்லை. துறைமுகத்துப் பக்கம், புதிதாகக் குடியேறியவர்கள் நடுவில், மக்கள் ஏற்கெனவே வந்து போகிற கட்டடத்தில் தொடங்கின.

நம்முடைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, உதவி, ஆலோசனை என்று. வழக்கு வந்தபின் வழக்கறிஞரை அமர்த்தித் தருவது உதவி. வழக்கே இருக்கிறதா இல்லையா, இருந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே சொல்வது ஆலோசனை. உதவியைத்தான் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஆலோசனை என்ற சொல் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டது என்று நான் சொன்னால் வழக்கறிஞர்கள் கோபிக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். முதலாவதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களில் பலர் இரண்டாவது கிடைத்திருந்தால் நீதிமன்றத்துக்கே போயிருக்க வேண்டியதில்லை.

உதவியிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குற்றவியல் வழக்குகளுக்கு உதவி செய்யும் பகுதி அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது நடப்புக்குக் கொண்டுவரப்படவே இல்லை. கடைசியில் 1995இல் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். மரண தண்டனை வழக்கு என்றால் நீதிமன்றம் வழக்கறிஞரை நியமிக்கும். திருட்டு, அடிதடி என்றால் காசில்லாதவர் தானே நின்று பேச வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வழக்கறிஞர்களே. 1985இல் சட்டச் சங்கம் தன் சொந்த முயற்சியில் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2015இல்தான் அரசாங்கம் அதற்கு நேரடி நிதி வழங்கத் தொடங்கியது. 2022 டிசம்பரில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் அமைந்தது. 1956இல் தாளில் எழுதியது 2022இல் கைக்கு வந்திருக்கிறது. 66 ஆண்டுகள்.

1985 என்ற ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்கலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் அந்த ஆண்டில்தான் வந்தது. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவே முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். வாங்கிய குளிர்சாதனப் பெட்டி ஓடவில்லை, வீடு புதுப்பிக்க முன்பணம் வாங்கிய குத்தகையாளர் ஆளையே காணோம் என்பன போன்றவை அங்கே போகும். இப்போது 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பெண்களுக்காகக் குரல் கொடுக்கும் அவேர் அமைப்பு உருவானதும் 1985இல்தான். அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்கென 1998இல் முதல் சமூகச் சமரச நிலையம் வந்தது.

2007இல் சட்டச் சங்கம் இலவசச் சேவைகளுக்கென்று தனி அலுவலகம் ஒன்றைத் திறந்தது. சமூக மேம்பாட்டு மன்றங்களோடு சேர்ந்து வட்டாரச் சட்ட ஆலோசனைக் கூடங்களும் வந்தன. இன்று அந்த அலுவலகம் ‘புரோ போனோ எஸ்ஜி’ என்ற பெயரில் தனி அறநிறுவனமாக இயங்குகிறது. கோயில், பள்ளிவாசல் சார்ந்த அமைப்புகள், சமூக மன்றங்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் கிளைகள் எனப் பல இடங்களில் தொண்டூழிய வழக்கறிஞர்கள் மாலை வேளையில் வந்து அமர்கிறார்கள். 2013 முதல் சட்டம் படிக்கச் சேரும் மாணவர்கள் 20 மணி நேரம் இலவசச் சேவை செய்தாக வேண்டும் என்பதால் இளம் முகங்களையும் காணலாம்.

வட்டாரக் கூடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 20 நிமிடம். வழக்கறிஞர் உங்களுக்காகக் கடிதம் எழுத மாட்டார், நீதிமன்றத்துக்கு வர மாட்டார். ஆலோசனை மட்டும்தான். 20 நிமிடத்தில் என்ன நடந்துவிடும் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

மத்திய சேம நிதியில் உள்ள பணம் உயிலில் வராது. நீங்கள் அழகாக உயில் எழுதி, என் சேம நிதி முழுவதும் இளைய மகளுக்கு என்று கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்தாலும் அந்த வரி செல்லாது. சேம நிதிக் கழகத்தில் தனியாக வாரிசு நியமனம் செய்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரில் நியமனம் செய்திருந்தீர்களா? கல்யாணமானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். சரி, மனைவி பெயரில் செய்தீர்கள், பிறகு மணவிலக்காகிவிட்டது. இப்போது அது ரத்தாகாது! நீங்களாகப் போய் மாற்றினால்தான் உண்டு. இதை அறியாமல் கண்ணை மூடியவரின் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. இதைச் சொல்ல ஒரு வழக்கறிஞருக்கு ஐந்து நிமிடம் போதும். மீதிப் பதினைந்து நிமிடத்தில் வீவக வீட்டைப் பற்றிப் பேசலாம். கூட்டு உரிமையில் இருக்கும் வீடு, ஒருவர் இறந்தால் உயில் என்ன சொன்னாலும் மற்றவருக்கே போகும். பங்கு பிரித்த உரிமை என்றால் அப்படியல்ல. உங்கள் வீடு எந்த வகை என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். நம்மவர்களுக்கு மச்சான் கேட்டால் மறுக்கத் தெரியாது. பெயருக்கு ஒரு கையெழுத்துதானே என்று போட்டுவிடுகிறோம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் முழுத்தொகைக்கும் பொறுப்பாவார். போட்டபின் வழக்கறிஞரிடம் போனால் அவர் அனுதாபம்தான் காட்ட முடியும். போடுவதற்கு முந்தின நாள் போயிருக்க வேண்டும். முந்தின நாள் எந்த வழக்கும் இல்லை, எந்த நீதிமன்றமும் இல்லை. அப்போது போவதற்கு நமக்கு ஓர் இடம் இருக்கிறதா?

மொழிக்கு வருகிறேன். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் சட்டங்கள் ஆங்கிலத்தில் இயற்றப்படுகின்றன. நீதிமன்றத்துக்குள் போய்விட்டால் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அதற்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் பிரிக்கப்படும்போது, யார் இருக்கிறார்? பேரப்பிள்ளைதான். உயர்நிலை இரண்டு படிக்கும் பிள்ளை, பாட்டிக்கு வந்த வழக்கறிஞர் நோட்டீசைப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் ஏதோ சொல்கிறது. சில வீடுகளில் யாருக்கு எதிராகப் பாட்டி கேள்வி கேட்க வேண்டுமோ, அந்த மகனே மொழிபெயர்ப்பாளர். 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையை முதியோருக்குத் தந்திருக்கிறது. அதை மகன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

தமிழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய அரசியல் சாசனத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமை என்றது. விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பீகார் கைதிகளின் வழக்கில், 1979இல், உச்ச நீதிமன்றம் அந்தக் கடமையை அழுத்திச் சொன்னது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்து 1995 நவம்பரில் நடப்புக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூரில் இருந்துகொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்து நிலத்தைப் பற்றி இங்குள்ள ஆலோசனைக் கூடத்தில் கேட்பவர்கள் உண்டு. இங்குள்ள வழக்கறிஞர் இந்தியச் சட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாது. ஊரிலுள்ள அக்காவையோ தங்கையையோ அந்த மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள்.

அடுத்து, நம்மிடையே இருந்தும் இல்லாதவர்கள் போல இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள். அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம் பொதுவாகக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு லிட்டில் இந்தியாவில், பேருந்து விபத்தில் ஓர் இந்திய ஊழியர் மாண்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கட்டணம் வாங்காமல் வாதாட வழக்கறிஞர்கள் முன்வந்தார்கள். அது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அதுவும் வழக்கு வந்தபின் கிடைத்த உதவி.

இதே போன்ற ஒரு சூழ்நிலையில் வேறொரு நகரம் என்ன செய்தது என்று பார்க்கலாம். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், போலிஸ் காவலில் காயமடைந்த கறுப்பின இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் வெடித்தது. கலவரம் நடந்த தெருமுனையிலேயே இருந்த ஈனக் பிராட் பொது நூலகக் கிளை கதவை மூடவில்லை. மக்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அதன்பின் அந்தக் கிளையில் ‘நூலகத்தில் வக்கீல்’ என்ற பெயரில் இலவச ஆலோசனை தொடங்கியது. பழைய குற்றப் பதிவை நீக்குவது, வாடகைத் தகராறு, கடன், குழந்தைப் பராமரிப்பு என்று அன்றாடப் பிரச்சினைகள். பிற கிளைகளுக்கும் அது பரவியது. ஏன் நூலகம்? நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மக்கள் பயப்படுவார்கள். நூலகத்துக்குள் நுழைபவரைப் பார்த்து எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

நூலகமும் சட்டமும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே இன்னொரு கதை உண்டு. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவருக்கு ஃபுளோரிடாவில் வழக்கறிஞர் இல்லாமலேயே தண்டனை விதிக்கப்பட்டது. சிறை நூலகத்தில் சட்டப் புத்தகம் படித்து, பென்சிலால் தன் கையாலேயே மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். எல்லாரும் கிடியன் ஆக முடியாது என்பதும் உண்மைதான்.

இப்போது தெம்பனிசுக்கு வரலாம். 1994 டிசம்பரில் சிங்கப்பூரின் முதல் வட்டார நூலகம் திறக்கப்பட்டது தெம்பனிசில்தான். மணல் குவாரிகளும் பண்ணைகளும் இருந்த இடத்தில் எழுந்த நகரம் அது. 2017இல் அந்த நூலகம் நமது தெம்பனிஸ் நடுவத்துக்கு இடம் மாறியது. ஐந்து மாடி நூலகம், உள்ளேயே மெதுவோட்டப் பாதைகூட உண்டு. அதே கட்டடத்தில் பல அரசாங்க அமைப்புகளின் சேவைகளை ஓரிடத்தில் தரும் பொதுச் சேவை நிலையமும் இருக்கிறது. பேரப்பிள்ளையை அழைத்து வரும் தாத்தா, சேம நிதி விவரம் கேட்க வரும் அக்கா, நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்றவர் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். 1891இல் கேனிங் டவுன் வழக்கறிஞர்கள் தேடிப்போன இடம் இப்படிப்பட்டதுதான்.

நடைமுறைச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. நூலகத்துத் திறந்த மேசையில் மணவிலக்கைப் பற்றிப் பேச முடியாது, கதவுள்ள அறை வேண்டும். நூலகர் சட்டப் புத்தகத்தை எடுத்துத் தரலாம், ஆனால் உனக்கு இந்த வழக்கு ஜெயிக்கும் என்று சொல்லக் கூடாது. வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞர் வேலை செய்வதைச் சட்டம் தடுக்கிறது. மனு எழுதித் தருகிறேன் என்று காசு வாங்கும் பேர்வழிகளை நம் பாட்டன் காலத்திலிருந்தே பார்த்துவருவதால் அந்தத் தடை நியாயமானதுதான். தமிழ் பேசும் வழக்கறிஞர் மாதம் ஒருமுறையாவது வருவார் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் பேரப்பிள்ளைதான் மொழிபெயர்க்கும்.

எந்தக் கூடத்துக்குப் போனாலும் வந்த கடிதம், போட்ட ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எது எப்போது நடந்தது என்று தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். 20 நிமிடத்தில் பத்து நிமிடம் கதை சொல்வதிலேயே போய்விடும் என்பதால் சொல்கிறேன். தேதி முக்கியம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போட பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம். உடற்காயத்துக்கு மூன்று ஆண்டு. சிறு கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு. சம்பளப் பாக்கி என்றால், வேலையை விட்டு நின்றபின் ஆறு மாதம். தவறாக வேலைநீக்கம் செய்துவிட்டார்கள் என்று முறையிட ஒரே ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்புள்ள ஓர் ஊழியருக்கு அந்த ஒரு மாதத்தில் கிடைப்பது நான்கு நாள், கூடினால் ஐந்து.